சாலை எண் 576, அல்லது பள்ளிக்கூடத் தெரு

என் மனைவி இறந்த சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. அதை எழுதுகிறேன். வேறு எதையும் எழுத இப்போது வரவில்லை.

பிர் ஸித்ரா சின்ன ஊர். நகரசபைக் கட்டடம், எதிரே ஒரு காப்பிக்கடை, அதற்கடுத்து என் நகல் கடை. நான் துனிஸில் நான்கு ஆண்டு புவியியல் படித்தேன். வேலை கிடைக்கவில்லை. பழைய நகல் இயந்திரம் ஒன்றும் கணினி ஒன்றும் வாங்கிப் போட்டேன். நகரசபைக்குப் போகிறவர்கள் முதலில் என்னிடம் வருவார்கள். மனு அடித்துக் கொடுப்பேன். கழிவுநீர், தெருவிளக்கு, பக்கத்து வீட்டுச் சுவர். ஏழு ஆண்டு இதைச் செய்தேன். அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவன் இல்லை என்று நினைத்திருந்தேன்.

ரிஹாப் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பள்ளி ஊரின் வடக்கு முனையில், துனிஸ் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிய லாரிகள் அந்த வழியாகத்தான் போகும். எதிர்ப்பக்கக் குடியிருப்புப் பிள்ளைகள் அந்தச் சாலையைத் தாண்டித்தான் பள்ளிக்கு வர வேண்டும். போன ஆண்டு நவம்பரில், மதியம் பன்னிரண்டரை மணிக்கு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவளை லாரி அடித்தது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநருக்கு ஆறு மாதம் சிறை. நீதிமன்றத்தில் அவனைப் பார்த்தேன். இருபத்திரண்டு வயது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எதன்மேலும் எதுவும் வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், கடை திறந்தேன்.

கோபம் பிறகு வந்தது. நகரசபையில்.

ரிஹாபின் அண்ணன் வாலித் கொத்தனார். நாற்பதாம் நாள் ஓதி முடித்து, வந்தவர்கள் கூஸ்கூஸ் சாப்பிட்டுப் போனபின், வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"மச்சான், அழுதது போதும். அந்த இடத்துல ஒரு வேகத்தடை போடணும். என் மவ வர்ற செப்டம்பர்ல ஒண்ணாங்கிளாஸ் போறா. அதே ரோட்டத் தாண்டித்தான் போவா."

"போடணும்."

"நானே போட்டுருவேன். நாலு மூட்டை சிமெண்டு, மூணு மணி நேர வேலை."

எங்கள் நாட்டில் இது வழக்கம்தான். எங்காவது ஒரு பிள்ளை அடிபட்டால் மறுநாள் ஊர்க்காரர்களே சாலைக்குக் குறுக்கே சிமெண்டில் ஒரு மேடு கட்டிவிடுவார்கள். யாரிடமும் கேட்க மாட்டார்கள். சில மேடுகள் கழுதை முதுகு உயரம் இருக்கும். புரட்சிக்குப் பிறகு இவை பெருகிவிட்டன.

"வேண்டாம்," என்றேன். "முறைப்படி செய்வோம். நாம ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை இது. எழுதிக் கேட்போம்."

வாலித் என்னை மேலும் கீழும் பார்த்தான். "படிச்சவன் நீ. சரி. செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் உன் முறை. அதுக்குள்ள ஆகலேன்னா என் முறை."

நகரசபையின் பொதுச் செயலாளர் பெயர் துஹாமி. ஊரே அவரை ஸி துஹாமி என்று மரியாதையாகத்தான் கூப்பிடும். இருபத்தாறு ஆண்டு அதே நாற்காலி. மூன்று தலைவர்களைப் பார்த்துவிட்டார். புரட்சியையும் அதே நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். மென்மையான குரல். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார்.

"உட்காரு மகனே. காப்பி சொல்லவா? ரிஹாப் விஷயம் கேட்டு என் வீட்டுல மூணு நாள் டிவி போடல. அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் செய்யட்டும்." என் மனுவை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "வேகத்தடை. நியாயமான கோரிக்கை. ஆனா ரோடு யாரோடது, அதுதானே கேள்வி? அது வட்டாரச் சாலை 576. நெடுஞ்சாலைத் துறையோடது. நாங்க அதுல ஒரு கல்லைத் தொட்டாலும் எங்க மேல கேஸ் வரும்."

"அவங்ககிட்ட நீங்க எழுதலாமே?"

"எழுதுவோம். ஏன் எழுத மாட்டோம்? எழுதறதுக்குத்தானே இருக்கோம்."

மாகாணத் தலைநகருக்குப் போனேன். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு கேட்டார்: "ஊர் எல்லைப் பலகை எங்க இருக்கு? பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"

"அந்தப் பக்கம். பள்ளிக்கூடம் ஊருக்குள்ள."

"அப்ப என்கிட்ட ஏன் வந்தே? பலகைக்கு உள்ள எல்லாம் நகரசபை."

"அதை எழுதிக் கொடுப்பீங்களா?"

"மனு கொடு, பார்க்கலாம்."

மனு கொடுத்தேன். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது: சம்பந்தப்பட்ட அமைப்புகளுடன் ஒருங்கிணைந்து ஆவன செய்யப்படும். அதை துஹாமியிடம் கொண்டுபோனேன். "பார்த்தியா, நல்ல பதில்தானே?" என்றார். அது பிப்ரவரி. மார்ச்சிலும் மேயிலும் அதே பாதையில் மறுபடி நடந்தேன்.

சட்டப்படி நகரசபைக்கு ஆண்டில் நான்கு கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம் முன்னால் ஒரு முன்கூட்டம். முன்கூட்டத்தில் ஊர்க்காரர்கள் பேசலாம். ஆனால் எதுவும் முடிவாகாது. கூட்டத்தில் எல்லாம் முடிவாகும். ஆனால் ஊர்க்காரர்கள் வாய் திறக்கக்கூடாது, பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். இந்த விதியை நானே எத்தனையோ அறிவிப்புகளில் நகல் எடுத்திருக்கிறேன். ஜனநாயகம் என்று பெருமையாகக்கூட இருந்தது. அதன் பொருள் ஜூலையில்தான் புரிந்தது.

ஜூனில், முன்கூட்டத்தில், மூன்று நிமிடம் பேசினேன். நகரத் தலைவி மேடம் ஸிஹாம் ஒரு பல் மருத்துவர். ஊரில் பாதிப் பேருக்கு வாய்க்குள் கை விட்டவர். நான் பேசப் பேச நோட்டில் எழுதிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ரிஹாப் எங்க எல்லாருக்கும் மகள்," என்றார். அவர் நல்லவர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது எதற்கும் உதவவில்லை.

ஜூலைக் கூட்டத்தில் நிகழ்ச்சி நிரலின் ஆறாம் பொருள்: பள்ளிக்கு முன்னால் உள்ள சாலைக்கு "ஆசிரியை ரிஹாப் தெரு" என்று பெயரிடுதல். ஒருமனதாக நிறைவேறியது. பதினெட்டு கைகள் உயர்ந்தன. கை தட்டினார்கள். ஒருவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார், நன்றி சொல்வேன் என்று எதிர்பார்ப்பவர்போல.

எழுந்து நின்றேன். "ரோடு உங்களோடது இல்லேன்னா பேர் எப்படி வைக்கிறீங்க?"

"யா நௌஃபல், இது முன்கூட்டம் இல்ல," என்றார் மேடம் ஸிஹாம் மெதுவாக.

"ஒரே கேள்விதான் மேடம். பேர் வைக்க முடியும், மேடு வைக்க முடியாதா?"

துஹாமி மேசையிலிருந்து தலை தூக்கினார். கோபமே இல்லாமல் சொன்னார்: "பேர் வைக்கிறது மரியாதை, மகனே. மேடு வைக்கிறது பொறுப்பு. ரெண்டும் வேற. தீர்மானம் ஆளுநர் ஒப்புதலுக்குப் போகும். அது வர்ற வரைக்கும் அது 576தான்."

காவலர் என் முழங்கையைத் தொட்டார். உட்கார்ந்தேன். ஏழாம் பொருள் கோடை விழா மேடை. அதற்கு நாற்பது நிமிடம் விவாதித்தார்கள்.

அன்று மாலை வாலித் வீட்டுக்குப் போய், "இனி உன் முறை," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "ஆகஸ்ட் வரட்டும்," என்றான்.

ஆகஸ்டில் எங்கள் நாட்டில் அரசாங்கம் மதியம் இரண்டு மணியோடு முடிந்துவிடும். கோடை நேரம். இரண்டு அடித்தால் நகரசபைக் கதவு சாத்தப்படும், காவல் நிலையத்தில் ஒருவர் தூங்குவார், மறுநாள் காலை ஏழரை வரை இந்த ஊரில் சட்டம் கிடையாது. எனவே இருட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் இருபத்திரண்டு, மூன்று மணி வெயிலில் வேலையைத் தொடங்கினோம்.

முதலில் சாலையைக் கற்களும் ஒலிவ மரக்கிளைகளும் வைத்து மறித்தோம். லாரிகள் ஓரத்து மண்ணில் இறங்கித் திட்டிக்கொண்டே போயின. வாலித் மட்டக்கயிறு கட்டி, கம்பி வைத்து, கலவையைக் கொட்டினான். கழுதை முதுகாக இல்லை. அளவாக, இரண்டு பக்கமும் சரிவாக. நெடுஞ்சாலைத் துறையின் விதிப்புத்தகத்திலிருந்து அளவை நான்தான் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன்.

"பத்து செண்டிமீட்டர் உசரம், நாலு மீட்டர் அகலம்," என்று படித்தான். "அடேய், இவ்வளவு சட்டப்படி ஒரு திருட்டு வேலை இந்த நாட்டுலயே நடந்திருக்காது."

அவன் மனைவி மன்ஜியா ஈரச் சாக்குகளை மேட்டின்மேல் பரப்பினாள். வெயிலில் சிமெண்டு வெடிக்காமலிருக்க அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்தாள். அந்தத் தெருப் பெண்கள் வாளி வாளியாகக் கொண்டுவந்தார்கள். நான் கிளைகளை நகர்த்தி வைத்தேன். அந்த இடத்தில் ஒன்பது மாதமாக நான் நின்றதில்லை. நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. கலவை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறுகுவதற்கு ஒரு நாள் கிளைகள் அப்படியே இருந்தன. மறுநாள் மாலை எடுத்தோம். முதல் லாரி வந்தது. பிரேக் போட்டது. ஏறி இறங்கிப் போனது.

அதற்கு மறுநாள் காலை எட்டு மணிக்குப் பொக்லைன் வந்தது.

எங்கள் நகரசபைக்கு ஒரே ஒரு பொக்லைன். பிப்ரவரியிலிருந்து அது ஓடவில்லை. வாய்க்கால் தூர் வாரக் கேட்டால் டயர் வெடித்துவிட்டது, இத்தாலியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். நான் அடித்துக் கொடுத்த பதினோரு மனுக்களுக்கு அந்த டயர்தான் பதில். இப்போது அது குலுங்கிக்கொண்டு வடக்குச் சாலையில் வந்தது. ஓட்டியவர் ஃபர்ஹாத். அதே குடியிருப்புக்காரர்.

மன்ஜியா காப்பிப் பாத்திரத்தோடு சாலை நடுவில் நின்றாள். "வா ஃபர்ஹாத், வா! டயர் வந்துருச்சா? இத்தாலியிலேருந்து நடந்தே வந்துச்சா, இல்ல கடல்ல நீந்தி வந்துச்சா?"

"என்னத் திட்டாத மன்ஜியா. காலையில கூப்பிட்டாங்க, சாவியக் கொடுத்தாங்க. நான் என்ன செய்ய?"

"உன் மவளும் இந்தப் பள்ளிக்கூடம்தானே? இடிச்சுட்டு அவள எந்த முகத்தோட பார்ப்பே?"

ஃபர்ஹாத் கையால் முகத்தைத் துடைத்தார்.

நான் கேட்டேன்: "அண்ணே, இடிப்பு உத்தரவு எங்க?"

"உத்தரவா? வாயாலதான் சொன்னாங்க."

"தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இல்லாம இடிச்சா, நாளைக்கு யாராவது கேட்டா உங்க தலைலதான் விழும்."

ஃபர்ஹாத் என்னைப் பார்த்தார். பிறகு இஞ்சினை அணைத்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். "பேப்பர் இல்லாம நான் ஒரு கல்லையும் தொட மாட்டேன்," என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். "மன்ஜியா, அந்தக் காப்பி ஆறிடப் போவுது."

நகரசபைக்குப் போனேன். துஹாமி ஏற்கெனவே உத்தரவைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"நீ வருவேன்னு தெரியும். உட்காரு."

"யார் கட்டினதுன்னு எழுதறீங்க?"

"அடையாளம் தெரியாதவர்கள். உங்க நல்லதுக்குத்தான்."

அவர் சொன்னது பாதி உண்மை. கட்டியவர் பெயர் இல்லையென்றால் உத்தரவை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. சுவரில் ஒட்டிவிட்டு உடனே இடிக்கலாம். பெயர் இருந்தால் மூலப்பிரதியை அந்த ஆளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆட்சேபிக்க ஒரு நாள் கிடைக்கும். எனக்கு அந்த ஒரு நாள் வேண்டும், அவ்வளவுதான் அப்போது நினைத்தேன்.

"என் பேர எழுதுங்க."

"கேஸ் வரும், நௌஃபல்."

"வரட்டும். எழுதுங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். அச்சுப்பொறியில் மை இல்லை. அவர்களுடையதில் எப்போதும் இருக்காது. கோப்பைப் பென்டிரைவில் போட்டு என் கடைக்கே அனுப்பினார். என் இடிப்பு உத்தரவை நானே அச்சிட்டேன். தாள் வெளியே வந்தபோதுதான் படித்தேன்.

"நகரசபைச் சாலையான பள்ளிக்கூடத் தெருவில், நகரசபையின் அனுமதியின்றி..."

மூன்று முறை படித்தேன். 576 எங்கேயும் இல்லை. ஒன்பது மாதமாக நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்த சாலை, இடிப்பதென்று வந்ததும் ஒரே காலையில் நகரசபைக்குச் சொந்தமாகிவிட்டது. பிறருடைய சாலையில் இருப்பதை இடிக்க அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. எனவே சாலை அவர்களுடையதாக வேண்டியிருந்தது.

தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் ஸிஹாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. பெற்றுக்கொண்டதாக நான் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு கீழே இறங்கிப் பதிவு ஜன்னலுக்குப் போனேன். நாஜியா அங்கே இருபது ஆண்டாக இருக்கிறாள். "போன வருஷம் அக்டோபர், நானூத்திப் பன்னெண்டு. ரிஹாப் கொடுத்த மனு. பார்க்கணும்," என்றேன்.

ரிஹாப் இறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் இதே வேகத்தடைக்கு மனு கொடுத்திருந்தாள். அதை நான்தான் அடித்தேன். பதிவு எண் போட்ட ரசீது என்னிடம் இருந்தது. அது என்ன ஆனது என்று நான் கேட்டதே இல்லை. கேட்கப் பயந்தேன் என்பதுதான் சரி.

நாஜியா கோப்பைத் தேடி எடுத்தாள். மனுவின் மூலையில் சிவப்பு மையில் இரண்டு வரி: பொருள் எம் அதிகார வரம்பில் இல்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்புக.

"ஏன் அனுப்பினாங்க?"

"நீங்கதான் நம்பர் போட்டிருக்கீங்களே," என்றாள் நாஜியா. விரலால் தொட்டுக் காட்டினாள். "இங்க பாருங்க. வட்டாரச் சாலை 576. நம்பர் போட்ட ரோடுன்னா நாங்க அங்க தள்ளிருவோம். தெருப்பேர் போட்டிருந்தா ஸி துஹாமி மேசைக்குப் போயிருக்கும். செஞ்சிருப்பாங்களான்னு தெரியாது. ஆனா இங்கயே இருந்திருக்கும்." பிறகு என் முகத்தைப் பார்த்து, "யா நௌஃபல், நான் வேணும்னு சொல்லல," என்றாள்.

ரிஹாப் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்லச் சொல்லத்தான் நான் அடித்தேன். "பள்ளிக்கூடத் தெருவில்" என்று சொன்னாள். நான் அடிக்கவில்லை. "அது ஊர்க்காரங்க கூப்பிடற பேரு. அரசாங்க மனுவுல சரியான பேர் போடணும்," என்று வரைபடத்தைத் திறந்து எண்ணைப் பார்த்து எழுதினேன். நான்கு ஆண்டு புவியியல். "சரிங்க வரைபட வாத்தியார், நீங்க சொன்னா சரிதான்," என்று சிரித்து என் தலையில் தட்டினாள்.

அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் எனக்குக் கோபம் முழுசாக வந்தது. என்மேலும். ஆனால் என்னை மட்டும் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அவர்களுக்கு எவ்வளவு வசதி என்பதும் அப்போதே தெரிந்தது. நான் செய்தது அறியாமை. அவர்கள் எந்தப் பெயருக்கு என்ன செய்யலாம் என்று தெரிந்தே இரண்டு பெயரையும் வைத்திருந்தார்கள்.

தலைவியின் அறைக்குத் தட்டாமல் போனேன். துஹாமியும் அங்கே இருந்தார். உத்தரவை மேசையில் வைத்து, கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், இதுல நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இந்த ரோடு உங்களோடதுன்னு. அப்ப என் பொண்டாட்டி செத்தது உங்க ரோட்டுல."

மேடம் ஸிஹாம் இப்போதுதான் படித்தார். முகம் வெளுத்தது. "ஸி துஹாமி, இது என்ன?"

"வழக்கமான வாசகம் மேடம். இடிப்புக்கு எப்பவும் போடறதுதான்."

"இந்தத் தாளோட நான் துனிஸுக்குப் போவேன்," என்றேன். "நிர்வாக நீதிமன்றத்துக்கு. மனு நானூத்திப் பன்னெண்டும் கூட வரும். ஒரு மாசம் முன்னாடியே அவ எழுதிக் கேட்டிருக்கா. கேட்டது உங்ககிட்ட, உங்க ரோட்டுக்கு."

துஹாமிதான் பேசினார். குரல் உயரவே இல்லை.

"போனா ஜெயிப்பே மகனே. பொய் சொல்ல மாட்டேன். அஞ்சு வருஷத்துல ஜெயிப்பே. ஆனா உத்தரவு வெளிய இருந்தா நிறைவேத்தியாகணும். நாளைக்குக் காலையில ஃபர்ஹாத் கையில பேப்பர் இருக்கும். பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் இருபத்திரண்டு நாள்."

"மிரட்டுறீங்களா?"

"கணக்கு சொல்றேன். அந்தத் தாள் திரும்பி வந்துட்டா, உத்தரவே போடலேன்னு ஆயிரும். மேடு எங்க கண்ணுக்குத் தெரியாது. யாரோ கட்டினது. யாரோட ரோட்டுலயோ இருக்கு."

மேடம் ஸிஹாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்கு ஓடி அறுபது நகல் எடுத்திருக்கலாம் என்று நினைக்கலாம். நகலுக்கு "மூலத்துக்கு இணையானது" என்ற முத்திரை வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த நீதிமன்றமும் தொடாது. அந்த முத்திரை இந்த ஊரில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இதே கட்டடம், கீழ்த்தளம், மூன்றாம் ஜன்னல். நகல் கடைக்காரனுக்குத் தெரியாதா?

வாலித்தின் மகள் பெயர் ஷைமா. ஆறு வயது. புதுப் பையை ஜூலையிலேயே வாங்கி வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

கையை எடுத்தேன். துஹாமி தாளை எடுத்து நான்காகக் கிழித்தார், கூடையில் போட்டார். "காப்பி சொல்லவா?" என்று கேட்டார்.

செப்டம்பர் பதினைந்து காலை மேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். லாரிகள் பிரேக் போட்டன. ஷைமா வாலித்தின் கையை உதறிவிட்டு ஓடித் தாண்டினாள். அவன் அவளைப் பார்த்துக் கத்தினான். பிறகு என்னிடம் வந்து, "உன் முறை நல்லாத்தான் வேலை செஞ்சுது மச்சான்," என்றான். குத்திக்காட்டினானா, ஆறுதல் சொன்னானா என்று தெரியவில்லை. நான் கடைக்குப் போனேன்.

அதோடு முடிந்திருக்கும். அந்தத் தாளிலிருந்து கையை எடுத்ததே நான் கொடுத்த வாக்கு, காப்பாற்றியிருப்பேன். ரிஹாபை ஒரு மேட்டுக்கு விற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே மீதி நாளை ஓட்டியிருப்பேன்.

டிசம்பரில் நகரசபை ஆண்டறிக்கை தயாரானது. அவர்கள் நகல் இயந்திரம் பழுது. ஒரு கடைநிலை ஊழியர் என்னிடம் கொண்டுவந்தார். "நாற்பது பிரதி. ஒண்ணு வாசல்ல ஒட்டறதுக்கு."

எடுத்தேன். நான் எதையும் படிப்பதில்லை, எடுப்பேன், அடுக்குவேன். ஆறாம் பக்கத்தில் ஒரு படம் இருந்ததால் கண் நின்றது. மேட்டின் படம். வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்கள். கீழே: "நிறைவேற்றிய பணிகள், எண் 14. நகரசபைச் சாலையான பள்ளிக்கூடத் தெருவில் மாணவர் பாதுகாப்புக்காக வேகத்தடை அமைத்தல்." கடைசிப் பக்கத்தில் தலைவி கையெழுத்து, முத்திரை.

வாலித்தின் நாலு மூட்டை. மன்ஜியாவின் வாளிகள். எண் 14.

ஆகஸ்டில் அவர்கள் கிழித்த தாளைத் தாங்களே மறுபடி எழுதியிருந்தார்கள். பெருமைக்கு. துஹாமி இதைப் பார்க்கவில்லையா? பார்த்திருப்பார். எவனோ அவசரத்தில் சேர்த்த வரியை அவர் வழக்கமான வாசகம் என்று விட்டிருப்பார். இருபத்தாறு ஆண்டில் அவர் செய்த ஒரே தவறு இதுவாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை.

நாற்பது பிரதியைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் அறிக்கை வாசலில் ஒட்டப்பட்டது. அதற்கு மறுநாள், பொதுவில் வெளியிட்ட ஆவணத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று மனு எழுதி மூன்றாம் ஜன்னலில் நின்றேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர். ஜன்னலில் இருந்த பெண் ஒரு நாளைக்கு இருநூறு முத்திரை குத்துகிறாள். ஆறாம் பக்கம், கடைசிப் பக்கம். அடித்தாள், அடித்தாள், கையெழுத்துப் போட்டாள். "அடுத்த ஆள்," என்றாள்.

இனி அவர்களால் மேட்டை இடிக்க முடியாது. அது அவர்கள் சாதனை. சாலையை மறுக்கவும் முடியாது.

அடுத்த திங்களன்று துனிஸுக்கு எட்டுப் பேர் போகும் வாடகை வேனில் ஏறினேன். மடியில் கோப்பு: மனு 412-இன் ரசீது, எண் 14, ரிஹாபின் இறப்புச் சான்றிதழ். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஓட்டுநர் பிரேக் போட்டார். வண்டி ஏறி இறங்கியது. "எந்தக் கழுத இதக் கட்டினது?" என்றார்.

எனக்குப் பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்: "நகரசபை. வாசல்ல ஒட்டியிருக்காங்களே. அதிசயமா ஒரு நல்ல காரியம் செஞ்சிருக்காங்க."

வேனில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். நான் கோப்பின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தேன். ஊர் எல்லைப் பலகை கடந்து போனது.